இடுப்பில் இருந்த சாவி

நான் நல்லவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "பாவம், அவன் என்ன செய்வான்" என்று யாரும் எனக்காக உச்சுக்கொட்ட வேண்டாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபத்துக்கும் இதில் பங்கு உண்டு.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். என் மனைவி மலர்க்கொடியின் தம்பி பகலவன் தண்டையார்பேட்டையில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறான். டிஸ்டெம்பர் வாளிகளை எக்கச்சக்கமாக விற்றுத் தள்ளியதற்காகப் பெயிண்ட் கம்பெனி அவனுக்குத் தாய்லாந்து போக இரண்டு டிக்கெட் கொடுத்தது. நாலு நாள். ஓட்டல், சாப்பாடு, படகு சவாரி எல்லாம் அவர்கள் செலவு. அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம்.

"மாமா, நீ வா. வேற யார இட்டுகினு போறது?" என்றான் பகலவன்.

எனக்கு நாற்பத்தொரு வயது. அதுவரை நான் போன தூர தேசம் திருப்பதி. துபாய்க்குப் போகிறேன் என்று எப்போதோ எடுத்த பாஸ்போர்ட் மட்டும் பீரோவில் சும்மா கிடந்தது.

"போய்ட்டு வாய்யா," என்றாள் மலர்க்கொடி. "கடைசி வரிக்கும் எண்ணூர் கடலையே பாத்துகினு கெடக்கப் போறியா?"

சிக்கல் லீவில் வந்தது. திருவொற்றியூர் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு ரசாயன ஆலையில் நான் பர்மனென்ட் தொழிலாளி. காஸ்டிக் சோடாக் கரைசல் ஓடும் குழாய்களையும் வால்வுகளையும் பார்த்துக்கொள்வது என் வேலை. மேனேஜர் லீவு கிடையாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். வார விடுமுறை போக மூன்று ஷிப்ட் இடித்தது. அதனால்தான் ஜெயவேலிடம் போனேன்.

ஜெயவேல் காண்டிராக்ட் ஆள். சடையங்குப்பத்துக்காரன். ஏழு வருஷமாக என் லைனில் என் கூடவே நின்றவன். எந்த வால்வு இறுகும், எந்த ஜாயிண்ட் கசியும் என்று என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். சம்பளம் மட்டும் என்னுடையதில் மூன்றில் ஒரு பங்கு. ஏற்பாடு இதுதான்: என் வருகைக் கார்டை அவன் பஞ்ச் செய்துவிட்டு என் இடத்தில் நிற்பான். தலையில் ஹெல்மெட், முகத்தில் துண்டு என்றால் எல்லாரும் ஒரே ஆள்தான். சூப்பர்வைசரும் கண்டுகொள்ள மாட்டார். எங்கள் ஆலையில் இது புதுசும் இல்லை. பர்மனென்ட்காரன் வீட்டுக் கல்யாணம், கருமாதி எல்லாமே காண்டிராக்ட்காரன் முதுகில்தான் நடந்துகொண்டிருந்தன.

"போ மாமு, சோக்கா சுத்திட்டு வா," என்றான் ஜெயவேல். "ஆனா கண்ணாடி வேணுமே?"

கண்ணாடி என்றால் கண்ணை மூடிய மாதிரி மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புக் கண்ணாடி. காஸ்டிக் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் போதும், கதை முடிந்தது. பர்மனென்ட் ஆட்களுக்குத்தான் ஆளுக்கொன்று கொடுப்பார்கள். அது அவரவர் லாக்கரில் இருக்கும்.

"லாக்கர் சாவிய உன் கைல குடுத்துட்டுதான்டா போவேன்," என்றேன். என் வாயால் சொன்னேன்.

நான் அந்தச் சாவியை எப்போதும் அரைஞாண் கயிற்றில் கட்டியிருப்பேன். இரண்டு தடவை தொலைத்து அபராதம் கட்டிய பிறகு வந்த பழக்கம். புதன்கிழமை மதியம் ஷிப்ட் முடிந்து ஓடினேன். குளியல், பெட்டி, பாஸ்போர்ட், பகலவன் கொண்டுவந்த டாக்ஸி. இடுப்பில் கிடப்பது யாருக்கு ஞாபகம் வரும்? ஏர்போர்ட்டில் மெஷின் கீச்சிட்டபோதுகூட பெல்ட் பக்கிள் என்றுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை பூகெட்டில் விமானம் இறங்கி நேராகப் படகுத்துறைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே நின்ற படகைப் பார்த்தால் நம் காசிமேட்டு விசைப்படகுக்காரன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவான். வெள்ளை வெளேரென்று இரண்டு அடுக்கு, மெத்தை வைத்த இருக்கைகள், தலைக்கு மேல் நிழல். ஏறியதும் ஒரு பெண் குனிந்து கும்பிட்டு ஈரத்துண்டு கொடுத்தாள். முகத்தில் வைத்தால் ஜில்லென்று இருந்தது. அப்புறம் அன்னாசித் துண்டுகள், ஆரஞ்சு ஜூஸ். சேலம், மதுரை, குண்டூர் என்று நாற்பது பெயிண்ட் வியாபாரிகள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தோம். பச்சைக் கண்ணாடி போல் தண்ணீர். அதற்கு நடுவே செங்குத்தாகக் கல்மலைகளும், மலை மேல் காடும்.

முதல் தீவுக்குப் பக்கத்தில் படகை நிறுத்தி, கடலில் இறங்குகிறவர்கள் அரைக்கால் சட்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் சட்டையைக் கழற்றினேன். பகலவன் சிரிக்க ஆரம்பித்தான்.

"இன்னா மாமா, பீரோ சாவிய இடுப்புல கட்டிகினு ஃபாரின் வந்துகீற?"

குனிந்து பார்த்தேன். லாக்கர் சாவி.

ஊரில் அப்போது காலை எட்டு மணி. ஜெயவேல் ஆறு மணிக்கே என் கார்டை அடித்திருப்பான். லாக்கர் பூட்டியிருப்பதையும் பார்த்திருப்பான். என் முகம் போன போக்கைப் பார்த்து பகலவன் சிரிப்பை நிறுத்தினான். விஷயத்தைச் சொன்னேன். அவன் உடனே செல்போனை எடுத்து நீட்டினான். வெளிநாட்டிலும் பேசுகிற மாதிரி செய்து வைத்திருந்தான்.

"அந்தாளு நம்பர் கீது இல்ல? பேசிடு மாமா."

ஜெயவேலிடம் ஒரு பழைய செல் இருந்தது. நம்பர் எனக்கு மனப்பாடம். இரண்டே வார்த்தை போதும்: பூட்ட ஒட. சின்னப் பூட்டு, ஸ்பானரால் ஒரு தட்டு தட்டினால் வாயைப் பிளந்துவிடும்.

நான் பேசவில்லை.

"வேணாம்டா, அவன் சமாளிச்சுப்பான்," என்றேன். நிமிஷத்துக்கு எவ்வளவோ, மச்சானுக்கு எதற்குச் செலவு என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். அது பொய். உண்மை என்னவென்றால், அந்தப் போனை எடுத்தால் ஆலை இந்தப் படகுக்குள் வந்துவிடும் என்று இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த நாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சாவியைக் கழற்றி பேன்ட் பைக்குள் போட்டேன். முகத்தில் அவர்கள் கொடுத்த நீச்சல் கண்ணாடியை மாட்டி, வாயில் மூச்சுக் குழாயைக் கடித்துக்கொண்டு, தண்ணீரில் இறங்கினேன்.

அடடா, என்னவென்று சொல்வது! எண்ணூர் கழிமுகத்தில் நீச்சல் பழகியவன் நான். அங்கே தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் சாம்பல்தான் தெரியும். இங்கே முப்பதடி ஆழத்தில் கிடக்கிற கூழாங்கல்லைக்கூட எண்ணலாம். மஞ்சளும் கறுப்புமாய்க் கோடு போட்ட மீன்கள் கூட்டமாக வந்து என் விரலை முகர்ந்து பார்த்தன. ஊதா நிறத்தில் ஒரு பெரிய மீன் பவளப்பாறையைக் கடித்துக்கொண்டிருந்தது. அது கடிக்கும் சத்தம், வேர்க்கடலை தின்கிற சத்தம் போல, தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணாடிக்குள் கண்ணீர் விட்ட முட்டாள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். படகிலிருந்து ஊதல் ஊதி, சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டார்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மிதந்துகொண்டே இருந்தேன். கடைசியாக ஏறினவன் நான். அப்போது அங்கே பன்னிரண்டேகால் மணி. நம் ஊரில் பத்தே முக்கால்.

சாவியை மறந்தே போயிருந்தேன். மறந்துவிட்டேன் என்பதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. தீவில் கம்பெனி சமையல்காரன் சுடச்சுட சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் போட்டான். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது மலர்க்கொடி வாசலிலேயே நின்றாள். பெட்டியை வாங்கவில்லை.

"ஜெயவேலு மேல காஸ்டிக் அடிச்சிருச்சுய்யா. வியாழக்கெழம. பத்தே முக்காலுக்கு. ரெண்டு கண்ணும் போச்சாம்."

"ஏன்டி எனக்குப் போன் பண்ணல?"

"பண்ணா இன்னா பண்ணியிருப்ப? நடுக்கடல்லேர்ந்து நீந்திகினு வந்திருப்பியா? கம்பெனிலேர்ந்து ஆள் வந்து உன்ன கேட்டாங்க. ஒடம்பு சரியில்ல, தூங்குறாருன்னு சொல்லி அனுப்பிச்சேன்." சொல்லிவிட்டு அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

கண் ஆஸ்பத்திரிக்கு அன்று மாலையே போனேன். ஜெயவேலின் கண் இரண்டையும் மூடிக் கட்டுப்போட்டிருந்தார்கள். கன்னத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது. அவன் மனைவி சீனியம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைக் கொடுத்தாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

"யாரு, மாமுவா?" என்றான். "போய்ட்டு வந்துட்டியா? கடலு எப்டி கீது?"

"விடுடா அத."

"அட, சொல்லு. இங்க பட்த்துகினு கெடந்து பேஜாராகீது."

சொன்னேன். படகு, ஈரத்துண்டு, பச்சைத் தண்ணீர் எல்லாம் சொன்னேன்.

"உப்புத் தண்ணிக்குள்ள எப்டி கண்ணத் தொறந்த? எரியல?"

"இல்ல, கண்ணாடி குடுப்பாங்க, மாட்டிக்..." நாக்கைக் கடித்துக்கொண்டேன். சாவியைப் பற்றிக் கேட்டுவிடு, திட்டிவிடு, காறித் துப்பிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"மீனு இன்னா கலரு?" என்றான்.

மஞ்சள், கறுப்பு, ஊதா என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டான். நான் வெளியே வந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ஆலை ஆபீஸில் கூப்பிட்டார்கள். அதிகாரி கதவைச் சாத்திவிட்டு ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். பர்மனென்ட் ஆள் செய்ய வேண்டிய வேலையைக் காண்டிராக்ட் ஆள் செய்தான் என்று வெளியே தெரிந்தால் கம்பெனிக்கும் ஆபத்து. அதனால் ஒரு கதை தயாராக இருந்தது. அன்று நான்தான் டூட்டியில் இருந்தேனாம். வயிற்றுவலி என்று பத்து நிமிஷம் வெளியே போனேனாம். ஜெயவேல் யாரும் சொல்லாமல் தானாக லைனுக்கு வந்தானாம். கண்ணாடி இருந்தும் மாட்டவில்லையாம்.

"வரதன், அந்த ஆளே ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டார்," என்று இன்னொரு காகிதத்தை அதிகாரி படித்துக் காட்டினார். "'வரதனின் லாக்கர் திறந்துதான் இருந்தது. கண்ணாடியும் அதில் இருந்தது. வேர்க்கிறது என்று நான்தான் மாட்டவில்லை.' பாருங்க."

அடியில் கைநாட்டு இருந்தது. ஜெயவேல் பத்தாவது படித்தவன், அழகாகக் கையெழுத்துப் போடுவான். இப்போது கோடு தெரியாதே, அதனால் கைநாட்டு.

லாக்கர் திறந்திருந்ததா? அவன் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறான்.

"உண்மைய எழுதினா என்ன சார் ஆகும்?" என்று கேட்டேன்.

"அவர் உங்க டூட்டியில, உங்களுக்காக நின்னார்னு ஆகும். கேஸ் நிக்கும், அவருக்கு ஆயுசுக்கும் பென்ஷன் கிடைக்கலாம். கார்டு மோசடிக்கு உங்களுக்கு அன்னிக்கே வேலை போகும். இப்படியே விட்டா காண்டிராக்டர் ஏதோ பார்த்துக் குடுப்பார். உங்க இஷ்டம், வரதன்." பேனாவைத் திறந்து என் கையில் வைத்தார்.

இஷ்டமாம். வீட்டு வாடகை, மகளின் காலேஜ், பத்தொன்பது வருஷ சர்வீஸ் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. அவனே எழுதிக் கொடுத்துவிட்டானே, நான் எதற்கு அதைக் கெடுக்க வேண்டும் என்று ஒரு குரல். அந்தக் குரல் அன்றைக்குப் படகில் "அவன் சமாளிச்சுப்பான்" என்று சொன்ன அதே குரல்தான். அடையாளம் தெரிந்தது. தெரிந்தும் கையெழுத்துப் போட்டேன்.

அங்கிருந்து நேராகச் சடையங்குப்பம் போனேன். ஜெயவேலை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். சீனியம்மாள் டீ போட உள்ளே போனாள்.

"கூப்ட்டாங்களா?" என்றான்.

"ம்."

"கையெழுத்து போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

அவன் தலையை ஆட்டினான். நான் அதற்கு மேல் தாங்க முடியாமல் அவன் காலைப் பிடித்துக்கொண்டேன். "சாவி என் இடுப்புல இருந்திச்சுடா. படகுலயே பாத்துட்டேன். போன் பண்ணல. பண்ணியிருக்கலாம், பண்ணல."

"பூட்ட ரெண்டு வாட்டி இழுத்துப் பாத்தேன்," என்றான் நிதானமாக. "ஒடச்சிரலாம்னு ஸ்பானர கூட எடுத்தேன். நீ வந்து கத்துவியே, உன் கோவம் தெரியாதா? வுட்டுட்டேன்."

"அப்பறம் ஏன்டா லாக்கர் தொறந்து கெடந்திச்சுன்னு எழுதிக் குடுத்த?"

ஜெயவேல் காலை மெதுவாக என் கையிலிருந்து இழுத்துக்கொண்டான்.

"உன் வேலைய என் வாயால காலி பண்ண மனசு வரல. நீயே சொல்லிருவன்னு நெனச்சேன், மாமு."