கோல் முன்னே தேங்கிய தண்ணீர்

பாண்டிசெல்விக்குச் சொந்த ஊர் ராஜபாளையம். ஆனால் கால்பந்தில் அவள் கோல் காத்தது ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரிக்கு. பிளஸ் டூ முடித்துவிட்டு உள்ளூர்க் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்டுப் போனபோது, கோல்கீப்பருக்கு இந்த உயரம் பத்தாது என்று அனுப்பிவிட்டார்கள். பக்கத்து ஊரில் உடற்கல்வி ஆசிரியை பரிபூரணம் மட்டும் அவளைக் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தி, வேர்க்க வேர்க்கப் பந்தை உதைத்துப் பார்த்தார். உயரம் கிடக்கட்டும், இவள் பயப்படாமல் விழுகிறாள் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய்வந்தாள்.

அங்கேதான் நாராயணி பழக்கமானாள். ஆண்டாள் கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் உப்பிலியின் மகள். அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு மகள் பந்துக்குப் பின்னால் ஓடுவதை உறவுக்காரர்கள் ஜாடையாகப் பேசினார்கள். உப்பிலி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுடைய அம்மா கமலவல்லிதான் மகள் வீடு திரும்பும்வரை வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பாள். நாராயணி ஆடியது ஸ்டாப்பர் இடத்தில், கோல்கீப்பருக்கு நேர் முன்னால். இருவருக்கும் நடுவே ஒரே ஒரு சொல்தான் பாலம். பந்து தனக்கு என்றால் பாண்டிசெல்வி “விடு” என்று கத்துவாள். அது காதில் விழுந்தால் நாராயணி திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒதுங்கிக்கொள்வாள். அந்த நம்பிக்கையிலேயே அந்த வருடம் இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டார்கள்.

இறுதி ஆட்டம் ராஜபாளையத்தில் நடந்தது. எதிரணி, பாண்டிசெல்வியைத் திருப்பி அனுப்பிய அதே கல்லூரி; ஆடியதும் அவர்கள் மைதானத்தில். ஐப்பசி மாதம். காலையிலிருந்தே மலைப் பக்கம் கறுத்துக் கிடந்தது. மத்தியானம் ஆட்டம் தொடங்கும்போது தூறலாக இருந்தது, பத்து நிமிடத்துக்குள் அடைமழையாகிவிட்டது. கூட்டம் கலைந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கலையவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் முக்காடு மாதிரி மடித்துப் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஷிப்டு முடிந்த மில் தொழிலாளர்கள் சைக்கிளோடு வந்து கயிற்றோரம் நின்றார்கள். எங்கிருந்தோ இரண்டு பேர் மேளம் கொண்டுவந்துவிட்டார்கள். நனைந்த தோலில் ஓசை வராதபோது தகர டின்னை எடுத்துக்கொண்டார்கள்.

பாண்டிசெல்வி நின்ற கோலுக்குப் பின்னால்தான் நெரிசல் அதிகம். பாண்டிசெல்வியின் தெருக்காரர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். அவளுடைய அப்பா சமுத்திரமும் மில் சேக்காளிகளோடு குடையுடன் நின்றார். பந்து அவள் கைக்கு வரும்போதெல்லாம் ஊரை மாற்றியவள் என்று பேர் சொல்லிக் கேலி செய்தார்கள். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. சின்ன வயதிலிருந்து தெரிந்த குரல்கள். அவற்றில் குரோதம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

பிறகுதான் கூட்டம் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தது. யாரோ ஒரு பெண் அச்சு அசலாக அவள் குரலிலேயே “விடு” என்று கத்தினாள். நாராயணி காலை எடுத்துக்கொண்டாள். பந்து அவளைத் தாண்டி ஓடிக் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. கூட்டத்துக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. அதற்குப் பிறகு பந்து அந்தப் பக்கம் வந்தாலே நூறு தொண்டைகள் விடு விடு என்று கத்தின.

அப்படியும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிகள்தான் முதல் கோலை அடித்தார்கள். எதிராளியின் கீப்பர் கையிலிருந்து ஈரப் பந்து வழுக்க, தட்டிவிட ஒருத்தி தயாராக இருந்தாள். ஒரு நிமிடம் மைதானத்தில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

இடைவேளையில் ரெஃப்ரி இரு பக்கத்தாரையும் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த பாதியில் பாண்டிசெல்வி நிற்கவேண்டிய கோல் பள்ளமான பக்கம். அதன் முன்னால் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கிவிட்டது. போதாததற்கு மலையிலிருந்து இறங்கும் காற்று மழையை நேராக அந்தக் கோலை நோக்கித்தான் அடித்தது. வேண்டுமானால் ஆட்டத்தை நிறுத்திவிடலாம், ஆனால் இன்னொரு நாள் முதலிலிருந்து ஆடவேண்டும் என்றார் ரெஃப்ரி. அடித்த கோல் கணக்கில் வராது.

பரிபூரணம் பிள்ளைகளிடம் வந்து கேட்டார். எல்லோரும் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். நாராயணிதான் தயங்கினாள்.

“பந்து எங்க நிக்கும், எங்க ஓடும்னே தெரியலடி. நிறுத்திண்டா தேவலை.”

“ஏட்டி, ஜெயிச்சிட்டிருக்கோம். இன்னும் செத்த நேரம்தான். இதே ஊர்ல இதே கூட்டத்துக்கு முன்னால இன்னொருக்க நம்மளால அடிக்க முடியுமா?” என்றாள் பாண்டிசெல்வி. ஆசிரியையைப் பார்த்து, “ஆடிருவோம் மிஸ்” என்றாள்.

மற்றவர்களும் தலையாட்டினார்கள். நாராயணி குனிந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். இனிமேல் “விடு” என்ற சொல்லே வேண்டாம் என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். கூட்டம் என்ன கத்தினாலும் நாராயணி காதில் வாங்கக் கூடாது. பந்து கீப்பருக்கு என்றால் பாண்டிசெல்வி அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடவேண்டும்.

இரண்டாம் பாதியில் கூட்டமும் பாண்டிசெல்வியோடு இடம் மாறி, பள்ளத்துக் கோலுக்குப் பின்னால் வந்து நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிகளால் நடுக்கோட்டைத் தாண்டவே முடியவில்லை. எவ்வளவு ஓங்கி உதைத்தாலும் காற்று பந்தைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டது. பாண்டிசெல்விக்கு முகத்தில் மழை அறைந்து கண்ணைத் திறக்க முடியவில்லை. கையுறை நனைந்து கனத்தது. இருந்தும் அன்றைக்குப் போல அவள் என்றைக்கும் ஆடியதில்லை. சேற்றில் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து தடுத்தாள். ஒரு கட்டத்தில் கேலி செய்த கூட்டத்திலிருந்தே சிலர் கைதட்டினார்கள்.

முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தபோது நடுவிலிருந்து நீளமாக ஒரு பந்து வந்தது. அது வந்த வேகத்துக்கு நேராகத் தன் கைக்கு உருண்டு வந்துவிடும் என்று பாண்டிசெல்வி கணக்குப் போட்டாள். முன்னால் பாய்ந்தாள். வாய் எதையோ கத்தியது. பின்னால் கூட்டம் தகர டின்னோடு சேர்ந்து அலறிக்கொண்டிருந்தது. பந்து தண்ணீரில் விழுந்ததும் ஆணி அடித்ததுபோல அங்கேயே நின்றுவிட்டது. நாராயணி ஒதுங்கவில்லை. திரும்பி அதை வெளியே தள்ளக் காலை வீசினாள். பாண்டிசெல்வியால் நிறுத்திக்கொள்ள முடியவில்லை. வழுக்கிக்கொண்டு போன அவள் உடம்பின் முழுப் பாரமும் நாராயணியின் ஊன்றுகாலில் இறங்கியது.

எலும்பு முறிந்த சத்தத்தைப் பாண்டிசெல்வியின் உடம்பு உணர்ந்தது, காது கேட்கவில்லை. எதிரணிப் பெண் ஒருத்தி நின்ற பந்தை மெல்லத் தள்ளிவிட்டாள். கோல். கூட்டம் குதித்தது, குடைகள் மேலே பறந்தன. தண்ணீருக்குள் ஒருத்தி கிடப்பது அவர்கள் கண்ணில் படச் சிறிது நேரம் ஆயிற்று.

முதலில் கயிற்றைத் தாண்டி ஓடிவந்தது சமுத்திரம்தான். வந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் நாராயணியின் முகத்துக்குமேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு நான்கு பேராகத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். கேலி செய்த பெண்களில் இரண்டு பேர் அழுதார்கள். ஆனால் ஆட்டம் தொடர்ந்தது. நாராயணி இல்லாத இடத்தில் இன்னொரு கோல் விழுந்தது. பாண்டிசெல்வி அதைத் தடுக்கக் கையைத் தூக்கினாளா என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

மறுநாள் சேக்காளிகள் சமுத்திரத்தை மில் வாசலில் பிடித்துக்கொண்டார்கள். மகள் பிரமாதமாக ஆடினாள் என்றார்கள். எப்படியிருந்தாலும் ஜெயித்தது நம் ஊர்தானே என்று தோளில் தட்டி டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவர்கள் மனதில் களங்கம் இல்லை. அவர் அந்த டீயைக் குடித்துவிட்டு வந்ததை வீட்டில் வெட்கத்தோடு சொன்னார்.

நாராயணிக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. மதுரையில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். அது சீழ் பிடித்து, மறுபடி திறந்து, மறுபடி தைத்தார்கள். நடக்கலாம், ஆனால் தாங்கித் தாங்கித்தான் நடக்கவேண்டும், ஓட்டம் இனி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் வீட்டுக்கு வந்த பிறகே பாண்டிசெல்விக்குப் போய்ப் பார்க்கத் துணிவு வந்தது. கமலவல்லி அவளைத் திட்டவில்லை. பலகை போட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து, பஸ்ஸில் கூட்டமா என்று விசாரித்தாள். கோயிலிலிருந்து வந்த உப்பிலி, “வாம்மா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சட்டென்று உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

தனியாக இருக்கும்போது நாராயணி கேட்டாள்:

“‘விடு’ன்னு ஒரு குரல் கேட்டுதுடி. கும்பல்தான் கத்தறதுன்னு நெனச்சுண்டு பந்துக்குப் போயிட்டேன். நீ என் பேரச் சொல்லித்தான கூப்ட்ட?”

பாண்டிசெல்வி அவள் காலில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தாள். அந்தக் கணத்தை அவள் எத்தனையோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டாள். வாய் திறந்தது ஞாபகம் இருக்கிறது, தொண்டை கிழிந்தது ஞாபகம் இருக்கிறது. வந்த சொல் எதுவென்று மட்டும் தெரியவில்லை. இரண்டு வருடப் பழக்கம் ஒரு இடைவேளைப் பேச்சில் மாறிவிடுமா?

“ஒம் பேரத்தான் சொன்னேன்” என்றாள்.

“அப்ப எனக்குத்தான் கேக்கலை. நீ மனசப் போட்டு ஒழப்பிக்காதே” என்று சொல்லி நாராயணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை எப்போது விடுவிப்பது என்று தெரியாமல் பாண்டிசெல்வி உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுக்குப் போகவில்லை. நாராயணியும் கல்லூரிக்கு வரவில்லை; பாதியில் நின்றுவிட்டாள்.

தை மாதம் பல்கலைக்கழக அணிக்கான முகாமுக்குப் பாண்டிசெல்வியைத் தேர்ந்தெடுத்திருப்பதாகத் தகவல் வந்தது. அன்று மழையில் அவள் தடுத்ததையெல்லாம் ஒரு தேர்வாளர் குறித்து வைத்திருந்தாராம். பரிபூரணம்தான் பிடிவாதமாக அனுப்பிவைத்தார். முகாமில் நல்ல வெயில், காய்ந்த புல், சுற்றி நின்று வேடிக்கை பார்க்க ஒரு ஆள் கிடையாது. முன்னால் நின்ற ஸ்டாப்பர் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். பந்து உயரமாக வந்தது. அது கீப்பரின் பந்து என்று மைதானத்தில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. பாண்டிசெல்விக்கு வாய் திறக்கவில்லை. அந்தப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுத் தானே வெளியே அடித்தாள். அடுத்த பந்துக்கும் அப்படியே. கீப்பர் குரல் கொடுக்காவிட்டால் பின்னால் ஒருவருமே இல்லாத மாதிரி என்று பயிற்சியாளர் பொறுமையாகச் சொன்னார். பிறகு கோபமாகவும் சொன்னார். சாயங்காலம் அவளே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நிற்கும்போது, முகாமிலிருந்து சேதி கேட்டுப் பரிபூரணம் போனில் அழைத்தார். ஏன் திரும்பி வருகிறாய் என்று கேட்டார். “பஸ்ல இருக்கேன் மிஸ்” என்று மட்டும் சொன்னாள்.

“சரி, விடிஞ்ச பொறவு பேசுவோம்” என்றார் பரிபூரணம். “ஒனக்கொண்ணு சொல்லணும். வர்ற வருசம் டீம் இல்லம்மா. நாராயணிக்கு ஆனதக் கேட்டுட்டு அம்புட்டு வீட்லயும் பிள்ளைகள நிறுத்திட்டாங்க. பதினொரு பேரு தேறல.”

“சரி மிஸ்” என்றாள் பாண்டிசெல்வி. ஆளை ஏற்றிக்கொண்டு பஸ் ராஜபாளையத்துக்குப் புறப்பட்டது.