குடிகாரன் என்று சொன்னவள்

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று வக்கீலம்மா கேட்டார்.

தையல்காரி கோர்ட் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு மேனேஜர் சாட்சி சொல்றாரு. அது கண்டிப்பா வெளிய வரும். ஊரார் முன்னால தெரிஞ்சுக்கறதைவிட உங்க வாயால கேக்கட்டும்மா."

அவள் கணவன் வால்வு செய்யும் ஆலையில் தொட்டிக்காரன். எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் உருப்படிகளைக் கம்பிக்கூடையில் அடுக்கி, பிசுக்கைக் கரைத்தெடுக்கும் சூடான கரைப்பானில் முக்கி எடுக்க வேண்டும். அறைக்கு ஜன்னல் கிடையாது. தொட்டியிலிருந்து கிளம்பும் தித்திப்பான நெடி அவன் சட்டையில் ஏறி, தலைமயிரில் ஏறி, வீட்டுத் தலையணை வரைக்கும் வந்துவிடும். போகப்போக, வேலை முடிந்து வரும்போதே அவனுக்குக் கால் பின்னியது. நாக்கு குழறியது. முகம் சிவந்து கிடந்தது. தெருவில் 'தள்ளாட்டம்' என்று பட்டப்பெயரே விழுந்துவிட்டது.

கேட்டால், "ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லடி" என்று அடித்துச் சொன்னான். அவள் நம்பவில்லை. எந்தக் குடிகாரன் ஒப்புக்கொண்டிருக்கிறான்? ஒருநாள் அவனுக்குத் தெரியாமல் ஆலைக்குப் போய் மேனேஜர் முன்னால் அழுதாள். "நான் பாத்துக்கறேன், தைரியமா போங்கம்மா" என்று அனுப்பிவைத்தார் அவர்.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். மாதங்கள் போய், அவன் தொட்டி ஓரத்திலேயே சுருண்டு விழுந்தபோது, குடித்துவிட்டு வந்தான் என்று சொல்லி வேலையை விட்டு நீக்கினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாப் பரிசோதனையையும் பார்த்துவிட்டு, "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். ஈரலும் நரம்பும் கெட்டிருந்தன. மூச்சோடு உள்ளே போன கெமிக்கல்தான் காரணம் என்றார். அதற்குத்தான் இந்த நஷ்டஈட்டு வழக்கு.

தொட்டிக்காரன் சுவரைப் பிடித்தபடி கழிப்பறையிலிருந்து வந்தான். "என்ன, ரெண்டு பேரும் ரகசியம் பேசறீங்க?"

"என்னங்க... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

மேனேஜர் அலட்டிக்கொள்ளாமல் பேசினார். "நாங்க என்ன சொல்றது சார்? கட்டின மனைவியே ஆபீசுக்கு வந்து, 'என் புருஷன் குடிச்சே அழியறாரு, கண்டிச்சு வைங்க'ன்னு அழுதாங்க. இதோ இங்கதான் இருக்காங்க."

தொட்டிக்காரன் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தான். கோபமாக முறைத்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது. சொன்னது காதில் சரியாக விழவில்லை என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

வக்கீலம்மா எழுந்தார். "அந்தம்மா வந்து சொன்னப்புறம் அவர் குடிச்சிருக்காரான்னு சோதனை பண்ணீங்களா?"

"இல்ல."

"வேற இடத்துக்கு மாத்தினீங்களா?"

"இல்ல."

"குடிகாரர்னு தெரிஞ்ச ஒருத்தரைக் கொதிக்கிற தொட்டி பக்கத்துல எதுக்கு நிக்க வெச்சீங்க?"

"வேற யாரைப் போட்டாலும் நிக்க மாட்டேங்கறாங்களே! மத்தியானத்துக்குள்ள தலை சுத்துது, வாந்தி வருதுன்னு ஓடிடறாங்க. இவர் ஒருத்தர்தான்..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். கம்பெனி வக்கீல் கண்ணை மூடித் திறந்தார். நீதிபதி அதை எழுதிக்கொண்டார்.

கம்பெனி வக்கீல் சுதாரித்துக்கொண்டு எழுந்தார். "மனைவி பொய்யா சொல்லியிருப்பாங்க? அவங்களையே கேட்டுடலாம் சார்."

அவள் கூண்டில் ஏறினாள். கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க சொன்னது உண்மையாம்மா?" என்றார் நீதிபதி.

"சொன்னது உண்மைங்க. குடிச்சாரான்னு எனக்குத் தெரியாது. ஒருநாளும் கண்ணால பாக்கல. நெடி அவர் வாயிலருந்து வரலங்க, சட்டையிலருந்துதான் வந்துச்சு. லீவு நாள்ல தெளிவா இருப்பாரு, எனக்குப் பயந்துட்டு வீட்டுல குடிக்கலன்னு நெனச்சேன்." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரித்த பக்கம் திரும்பவில்லை. "அவர் சத்தியம் பண்ணாருங்க. நான்தான் நம்பல."

விசாரணை முடிந்து வெளியே வந்தார்கள். பஸ்ஸில் ஏறும்போது அவள் நீட்டிய கையைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்து ஏறினான். வெகுதூரம் போனபிறகு ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான்.

"அந்தாள்கிட்ட போய் அழுதியா?"

"அழுதேன்."

"என்னைவிட அவன்மேல நம்பிக்கையா?"

அவன் விரல்கள் தொடைமேல் தானாக ஆடிக்கொண்டிருந்தன. இன்னொரு கையால் அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை.

"நானும்தான் என்னை நம்பல," என்றான். "எவனாவது டீயில எதையாச்சும் கலந்து குடுக்கறானோன்னு சந்தேகம். கொஞ்ச நாள் டீயே குடிக்காம இருந்தேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவன் சிரிக்கவில்லை.

வீட்டில் அதற்குப் பிறகு சாப்பாட்டை வைத்தால் சாப்பிட்டான், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். அவளும் வற்புறுத்தவில்லை.

தீர்ப்பு அவனுக்குச் சாதகமாக வந்தது. நோய்க்கு வேலைதான் காரணம், குடித்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை, ஆலை நஷ்டஈடும் வைத்தியச் செலவும் தர வேண்டும் என்று நீதிபதி வாசித்தார். கம்பெனி மேல்முறையீடு செய்யும் என்றார் வக்கீலம்மா. செய்தால் அங்கேயும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நரம்பு பழையபடி ஆகாது என்பதை டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

கோர்ட் படிக்கட்டில் இறங்கும்போது அவனுக்குக் கால் தடுமாறியது. எதிரே வந்த ஒருவர் முகத்தைச் சுளித்து ஒதுங்கினார்.

தையல்காரிக்கு வந்ததே கோபம். "எதுக்குங்க ஒதுங்கறீங்க? அவர் குடிக்கல!" என்றாள். கட்டடமே திரும்பிப் பார்த்தது.

"விடுடி, பாவம் அவரு," என்றான் தொட்டிக்காரன். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தான்.