மூன்று மணி வேட்டு

1

பிள்ளையள், முதலில் ஒரு களவைச் சொல்லிப்போடுறன். இந்தக் கதை என்னுடையதில்லை. விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் அன்னதான வரிசையில் நின்றபோது கமலேஸ்வரி சொன்னது. "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அக்கா" என்றவள். பெயரை மாற்றியிருக்கிறேன். (அது போதாது என்று தெரியும்.)

2

தொடக்கம்: லண்டன் ஹரோ பூங்காவில் கிழக்கிந்தியக் கும்பினிப் படை அணிவகுத்து

விட்டுவிட்டேன். படையைப் பற்றி எனக்கென்ன தெரியும்?

இன்னொன்று: கமலேஸ்வரியின் கணவர் வாமதேவன் சிவப்புக் கம்பளிக் கோட்டைப் பூட்டினார். பழைய போர்களை நடித்துக் காட்டும் வெள்ளைக்காரர் குழுவில் அவர்தான் ஒரே கும்பினிச் சிப்பாய். சரித்திர ஆசையில் சேரவில்லை. அயலில் வாணம் வெடித்தால் ஐம்பத்தெட்டு வயதிலும் மேசைக்குக் கீழே போகிறவர். ஒரு வெடிக்காவது நின்றபடி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

(போயும் போயும் அந்த உடுப்பா என்று நானும் கேட்டேன். "வேறை எங்கை அக்கா நேரம் சொல்லிப்போட்டு வெடி வைக்கிறாங்கள்?" என்றாள்.)

3

ஒத்திகை எல்லாம் வெடியில்லாமல் நடந்தது. பதினொரு மணிக் காட்சியில்தான் முதல் வேட்டு. வெறும் மருந்து, குண்டில்லை. குழுக் கப்டனின் கை இறங்கியது, துவக்குகள் வெடித்தன.

வேறு யாரும் சாக முதல் வாமதேவன் குப்புற விழுந்தார். காதில் விரல், வாய் திறந்தபடி, நெஞ்சு நிலத்தில் படாமல். (ஊரில் ஷெல்லடிக்கேக்கை, பதுங்கப் பங்கர் இல்லாத இடத்தில் அப்படித்தான் படுப்போம்.) சனம் கைதட்டியது. நிமிர்ந்து பார்த்தார். கயிற்றுக்கு அப்பால் புல்லில் இன்னொருவர் அதே மாதிரிக் கிடந்தார்.

கமலேஸ்வரி.

யாரோ தண்ணீர்ப் போத்தலோடு அவளிடம் ஓடினார்கள். கப்டன், ஓய்வுபெற்ற தபால்காரர், வாமதேவனின் முதுகில் தட்டினார்: "அருமையான சாவு! மூன்று மணிக் காட்சியிலும் அப்படியே விழ வேணும்."

4

"விழட்டாம்," என்றார் வாமதேவன் கயிற்றடியில்.

"விழுந்தா உந்தக் கோட்டை ஆர் தோய்க்கிறது? நில்லுங்கோ."

"நீர் வீட்டை போம். பஸ் இருக்கு."

"போகமாட்டன். நீங்க நிண்டா நானும் நிப்பன்."

"நான் விழுந்தா?"

அவள் அவருடைய மேல் பொத்தானைப் பூட்டிவிட்டாள். மூன்றாந்தரம்தான் பூட்ட முடிந்தது.

5

முடிவு அ: நின்றார். (அழித்தேன். பொய் மாதிரி இருந்தது.)

முடிவு ஆ: விழுந்தார், சனம் கைதட்ட

ஏலாது.

உண்மையில் என்ன நடந்தது? கமலேஸ்வரி இதுவரை சொன்னபோது கோயில் மணி அடித்தது. அவளுடைய தோள் துள்ளியது. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

மூன்று மணி. கப்டனின் கை மேலே. வாமதேவன் நிற்கிறார். கயிற்றுக்கு அப்பால் அவளும் நிற்கிறாள். அந்தக் கையை இறக்கும் சொல் என்னிடம் இருக்கிறது, எழுதமாட்டேன். வேண்டுமென்றால் நீங்கள் எழுதுங்கோ.

ஆனால் பிள்ளையள், எழுத முதல் அவர்கள் இரண்டு பேருக்கும் வெடிக்கிற நேரத்தைச் சொல்லிப்போடுங்கோ.