நரியின் கால்விரல்கள்

பிள்ளை இறந்து பிறந்த இரண்டாம் மாதமே கல்பனா வேலைக்குத் திரும்பிவிட்டாள். அகழாய்வில் கிடைக்கும் எலும்புகளை இனம் பிரிப்பது அவள் வேலை. திருத்தணியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து முகாம் போட்டிருந்தார்கள். வீடு இருக்கும் ஆர்.கே.பேட்டையிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வந்து போயிருக்கலாம். அவள் முகாமிலேயே தங்கிக்கொண்டாள். கணவன் ஹேமநாதன், விசைத்தறி ஓட்டுகிறவன், அவள் பாவா என்று கூப்பிடும் சொந்த அத்தை மகன், ஏன் என்று கேட்கவில்லை.

அன்று வந்த பெட்டியில் ஒரு குழந்தையின் எலும்புகள் இருந்தன. புதைகுழியைச் சுற்றிக் கல் நட்ட பழைய கல்வட்டம் ஒன்றுக்குள் புதைத்தது. ஒரு வயதுகூட ஆகியிருக்காது. அடியில் கிடந்த பொடி எலும்புகளும் குழந்தையுடையவை என்றுதான் நினைத்திருந்தார்கள். கல்பனா மண்ணைத் தூரிகையால் தள்ளிப் பார்த்தாள். நரியின் கால்விரல்கள். நான்கு பாதங்களும் இருந்தன, வால் நுனியும் இருந்தது. மண்டை இல்லை, விலா இல்லை, முதுகெலும்பு இல்லை.

அகழாய்வுத் தலைவர் பாலசுப்பிரமணியன், குழியைத் தோண்டித் தின்ன வந்த நரியாக இருக்கும் என்றார். அப்படியானால் முழு உடம்பும் கிடக்க வேண்டுமே என்றாள். பாத எலும்புகளின் மேல்முனையில் இருந்த கத்திக் கீறலைப் பூதக்கண்ணாடியில் காட்டினாள். உரிக்கும்போது பாதங்களைத் தோலோடு விட்டுவிடுவார்கள். முடியும் தோலும் மக்கிப்போகும், அந்த எலும்புகள் மட்டும் மிஞ்சும்.

"குழந்தையை நரித்தோல்ல சுத்தி வெச்சிருக்காங்க சார்" என்றாள், பஸ் நம்பர் சொல்வது போல.

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. பிறகுதான் அவளுக்கு நேர்ந்தது நினைவுக்கு வந்தவர்போல, வேறு யாரையாவது பார்க்கச் சொல்லட்டுமா என்று மெதுவாகக் கேட்டார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அவள் எலும்புகளை ஒவ்வொன்றாகப் பஞ்சில் வைத்து முடித்தாள்.

பிரசவத்தன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிள்ளையைக் காட்ட வந்தபோது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தூக்கிப்போனது ஹேமநாதன்தான்.

மத்தியானம் மாடிக்குப் போய் அவனுக்குப் போன் செய்தாள். பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

"பாவா, எதுல சுத்துனீங்க?"

எதை என்று அவன் கேட்கவில்லை. தறி நின்றது.

"தறில ஓடிகினு இருந்த புடவைய அறுத்தேன். வேற எதுவும் கைக்கு வரல."

"என்ன கலரு?"

"மாம்பழக் கலரு. முந்தி இன்னும் ஓடல."

"ஆங்" என்றாள். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். வரவில்லை. சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லி வைத்தாள்.

கிருத்திகை என்பதால் பஸ்ஸில் நெரிசல். நின்றிருந்த ஒருத்தி, மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தன் பிள்ளையைக் கேட்காமலே கல்பனாவின் மடியில் வைத்தாள். அது தூங்கிப்போயிற்று. இறங்கும் இடத்தில் திருப்பிக் கொடுத்தபோதுதான் கை மரத்துப்போயிருந்தது தெரிந்தது.

ஹேமநாதன் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தான். பையை வாங்கிக்கொண்டான். புதைத்த இடம் எது என்று கேட்டாள். அவன் வீட்டுத் தெருவைத் தாண்டி ஏரிக்கரைப் பக்கம் நடந்தான். அவள் பின்னால் போனாள்.