விழாத அட்டைகள்

1971ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், காரைக்குடியில் இருந்த ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் நூலகத்துக்கு நாகவல்லி நாற்பது கேள்விகளோடு வந்து உட்கார்ந்தாள். அங்கேயே வேலை பார்க்கும் வேதியியல் ஆய்வாளர் அவள், தேவகோட்டைக்காரி. தப்பைத் தப்பென்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள் என்பதால்தான் இயக்குநர் இந்தச் சோதனையை அவளிடம் ஒப்படைத்திருந்தார்.

சோதிக்க வேண்டியது ஜெய்னுலாபுதீனின் அட்டைப் பெட்டியை. நூலக உதவியாளரான அவர் மூன்று வருடமாக இரண்டாயிரம் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்து, கட்டுரைக்கு ஓர் அட்டை எழுதியிருந்தார். அட்டையின் ஓரம் முழுக்கத் துளைகள். துரு, நிக்கல் முலாம், கடல்நீர் என்று ஒவ்வொரு துளைக்கும் ஒரு பொருள். கட்டுரை எதைப் பற்றியதோ அந்தத் துளையை மட்டும் விளிம்புவரை வெட்டிவிடுவார். யாராவது வந்து கேள்வி கேட்டால், அதற்குரிய துளைக்குள் நீள ஊசியைக் கோத்துக் கட்டோடு தூக்குவார். வெட்டுப்பட்ட அட்டைகள் மட்டும் மேசையில் விழும். பதில் அவற்றுக்குள் இருக்க வேண்டும்.

நாகவல்லி அவருக்குத் தெரியாமல் நாற்பது கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி எழுதியிருந்தாள். அந்தந்தக் கட்டுரையின் அட்டை விழுந்தால் ஒரு மதிப்பெண். முப்பத்தைந்துக்குக் குறைந்தால் பெட்டியை ஏறக்கட்டிவிட்டு ஆளை ஸ்டோருக்கு மாற்றிவிடலாம் என்று இயக்குநர் சொல்லியிருந்தார்.

சாயங்காலம் கூட்டிப் பார்த்தபோது இருபத்தொன்பது.

ஜெய்னுலாபுதீன் ஊசியைத் துடைத்து மேசையில் வைத்தார். "உள்ளத உள்ளபடி எழுதிக் குடுத்துருங்கம்மா" என்றார். குரலில் வருத்தத்தைக் காட்டிக்கொள்ளவில்லை.

நாகவல்லி உடனே எழுதிக் கொடுக்கவில்லை. விழாத பதினோரு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். ஒவ்வொன்றின் மூலையிலும் அது எழுதப்பட்ட தேதி இருந்தது. பதினொன்றில் எட்டு, 1969 நவம்பரும் டிசம்பரும். எட்டிலும் ஒரே பிழை. வெட்ட வேண்டிய துளைக்கு அடுத்த துளை வெட்டுப்பட்டிருந்தது. மற்ற மாதங்களில் ஐம்பது அட்டை எழுதியவர், அந்த இரண்டு மாதத்தில் மட்டும் முந்நூற்றைம்பது எழுதியிருந்தார்.

மறுநாள் அட்டைகளை அவர் முன்னால் பரப்பி வைத்தாள். "இந்த ரெண்டு மாசம் என்ன சார் ஆச்சு?"

அவர் தேதிகளைப் பார்த்தார்.

"மகன் தவறிட்டான்மா. மீரான். நாலு வயசு. தொண்ட அடைப்பான். நாலாம் நாளே இங்கிட்டு வந்துட்டேன். வீட்டுல இருக்க முடியல. வெட்டிக்கிட்டே இருந்தேன். கைதான் வெட்டுச்சு."

நாகவல்லி அட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கிக் கட்டினாள்.

அறிக்கையில் இருபத்தொன்பது என்றுதான் எழுதினாள். அதற்குக் கீழே, பிழைகளில் பெரும்பகுதி இரண்டு மாதத்து அட்டைகளில் மட்டுமே இருப்பதாகவும், முறையில் குறை இல்லையென்றும், அவற்றைத் திருத்திய பின் புதுக் கேள்விகளோடு மறுபடி சோதிக்க வேண்டுமென்றும் சேர்த்தாள்.

"அந்த ரெண்டு மாசத்துக்கு மட்டும் என்ன?" என்று கேட்டார் இயக்குநர்.

"காரணம் எனக்குத் தெரியும் சார். அறிக்கைக்கு அது தேவையில்ல."

இயக்குநர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு வாரம் தவணை கொடுத்தார்.

முந்நூற்றைம்பது கட்டுரைகளையும் மறுபடி படித்தாக வேண்டும். நாகவல்லி படித்துப் பொருளைச் சொல்ல, ஜெய்னுலாபுதீன் புது அட்டையில் வெட்டினார். அப்படியும் நாள் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு பை நிறையக் கட்டுரைகளும் பழைய அட்டைகளுமாகப் பஸ் ஏறி, பள்ளத்தூரில் இருந்த அவர் வீட்டுக்கே போய்விட்டாள்.

அவர் மனைவி ஷரபுன்னிசா டீ கொண்டுவந்து வைத்தாள். அதிகம் பேசாத பெண். கணவனுக்கும் அவளுக்கும் நடுவிலும் பேச்சுக் குறைவு என்பது சற்று நேரத்திலேயே நாகவல்லிக்குப் புரிந்துவிட்டது.

"எல்லாத்தயும் திரும்பவா செய்யிறீக?" என்று அவளிடம் கேட்டாள் ஷரபுன்னிசா.

"இல்லக்கா, இத மட்டுந்தான். இதெல்லாம் தப்பா வெட்டுனது."

ஷரபுன்னிசா ஓர் அட்டையை எடுத்தாள். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, எண் தெரியும். 12-11-69. இன்னொன்றை எடுத்தாள். 13-11-69. அடுத்தது, அதற்கடுத்தது. கை நின்றுவிட்டது.

"இம்புட்டுமா தப்பு?"

"ஆமாக்கா. மத்த நாள்ல எழுதுனது அநேகமா சரியாத்தான் இருக்கு."

ஷரபுன்னிசா கணவனைப் பார்த்தாள். "புள்ள மவுத்தாகி நாலாம் நாளு, சட்டைய மாட்டிக்கிட்டு ஆபீசுக்குப் போனீக. ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. கல்லு மனசுன்னு நெனச்சேங்க. ரெண்டு வருசமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

ஜெய்னுலாபுதீன் தலையைக் குனிந்துகொண்டார். "நானும் அழுதா நீ தாங்க மாட்டேன்னு..." என்று தொடங்கியவரின் தோள் குலுங்கியது. ஷரபுன்னிசா அட்டைகளைக் கீழே வைக்காமலே வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

நாகவல்லி டீத் தம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். கிணற்றடியில் நின்று, கழுவிய தம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவினாள். உள்ளிருந்து முதலில் அழுகை கேட்டது. பிறகு மெல்லிய பேச்சு. மீரான் ஆட்டுக்குட்டிக்குச் சட்டை போட்டுவிட்ட கதையை யாரோ ஒருவர் தொடங்க, மற்றவர் முடித்தார். அவள் திரும்பி வந்தபோது ஷரபுன்னிசா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க சோறு சாப்புட்டுத்தான் போகணும்" என்றாள். சாப்பிட்ட பிறகு மூன்று பேருமாக உட்கார்ந்தார்கள். ஷரபுன்னிசா அட்டைகளைத் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தாள்.

இரண்டாவது சோதனைக்கு நாகவல்லி புதிதாக நாற்பது கேள்விகள் எழுதினாள். அவற்றைக் கொஞ்சமும் சுலபமாக்கவில்லை. ஒவ்வொரு முறை ஜெய்னுலாபுதீன் கட்டைத் தூக்கும்போதும் அவள் மேசைமேல் குனிந்து, விழுந்தவற்றில் தன் கட்டுரையின் அட்டையைத் தேடினாள். முப்பத்தாறு அட்டைகள் விழுந்தன. விழாத நான்கையும் அவர் தனியே எடுத்து வைத்து, ஏன் விழவில்லை என்று குறித்துக்கொள்ளத் தொடங்கினார்.

"அத நாளைக்குப் பாத்துக்கலாம் சார்" என்றாள் நாகவல்லி. "மூணு மணி பஸ்ஸப் புடிச்சு வீட்டுக்குப் போயி அக்காகிட்டச் சொல்லுங்க."

அவர் சிரித்தார். இரண்டு வருடத்தில் அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை. குடையைக்கூட மறந்துவிட்டு, வெயிலில் வேகவேகமாக நடந்து போனார்.