மார்லிஸின் மேலுதடு

அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரானைட் பே ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கும் மார்லிஸ் ஹெக்ஸ்டாட், புதன்கிழமை காலை கண்ணாடியில் தன் மேலுதட்டைப் பார்த்து, "வந்துட்டியா சனியனே," என்றாள். பட்டாணி அளவில் ஒரு கொப்புளம்.

உதட்டுக் கொப்புளம் யாருக்கும் வரும். மார்லிஸுக்கு வந்ததுதான் வம்பு. முந்தின நாளே உதடு குறுகுறுத்தது. அதைச் சட்டை செய்யாமல், முகமூடியும் போடாமல், மூளைக் காய்ச்சலோடு சேர்க்கப்பட்டிருந்த வெர்னான் என்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் முதுகுத் தண்டு நீரை அவள்தான் குப்பி திறந்து சோதித்தாள். ஹெர்பிஸ் வைரஸ் இருப்பதாக விடை வந்தது. கொப்புளம் போடும் அதே வைரஸ். மூளைக்குப் போனால் ஆளை முடித்துவிடும். பி.சி.ஆர். எந்திரம் துளியூண்டு மரபணுவையும் கோடியாகப் பெருக்கிக் காட்டும். அது நோயாளியுடையதா, குனிந்து பார்த்தவளுடையதா என்று அதற்குக் கவலையில்லை. நாற்பது சுற்றில் முப்பத்தெட்டாவதில்தான் கோடு மேலே ஏறியது. அவ்வளவு தாமதமாக ஏறினால் வைரஸ் துளிக்கூடத் தேறாது என்று அர்த்தம்; அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவளுக்கு ஐந்து மணிக்கு பௌலிங் என்ற பந்துருட்டு ஆட்டம் இருந்தது.

அந்த விடையை நம்பி, வெர்னானைக் கவனித்த டாக்டர் பிராசெக் பாக்டீரியாவுக்கான மருந்துகளை நிறுத்திவிட்டார். வெர்னானுக்கு இருப்பது வேறு நோயென்றால், அது ஓர் இரவு முழுக்கக் கேட்பாரின்றி வளர்ந்திருக்கும்.

மார்லிஸ் முகமூடி போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடிவந்து, உடன் வேலை செய்யும் பா ஹூவா ஷியோங்கிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"திறக்காத ரெண்டாவது குப்பி ஃப்ரிட்ஜ்ல இருக்கு. நீ பண்ணு. எல்லாக் கிருமிக்கும் பாரு. நான் கிட்டயே வரமாட்டேன்."

"போன வாரம் ஒரு கையுறை கிழிஞ்சதுக்கு எனக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தீங்களே?"

"இப்ப நீ எனக்கு எடு. வேலையை முடிச்சிட்டு எடு."

ஒரு மணி நேரத்தில் விடை வந்தது. ஹெர்பிஸ் இல்லை. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா இருந்தது.

போனில் டாக்டர் பிராசெக் திட்டவில்லை. "மருந்தை இப்பவே ஆரம்பிக்கிறேன்," என்றார்.

"பிழைச்சிடுவாரா, டாக்டர்?"

"நேத்தே குடுத்திருந்தா தைரியமா சொல்லியிருப்பேன். இன்னொண்ணு. அவர் பொண்டாட்டி லோரெட்டாவுக்கு உதட்டுல அடிக்கடி கொப்புளம் வருமாம். தான் முத்தம் குடுத்துதான் அவருக்கு இது வந்துச்சுன்னு நேத்துலேருந்து கட்டில் பக்கமே போகல. அது அவங்களால இல்லேன்னு நீங்களே வந்து சொல்லுங்க."

மார்லிஸ் வார்டுக்கு மாடியேறியதே இல்லை. அவளுக்குத் தெரிந்த நோயாளிகள் எல்லாரும் குப்பிக்குள் ஒரு மில்லி அளவில்தான் இருந்தார்கள். வெர்னான் ஆறடி நீளத்துக்கு வாய் பிளந்து கிடந்தார். சுவரோர நாற்காலியில், கைகளை அக்குளில் செருகிக்கொண்டு லோரெட்டா உட்கார்ந்திருந்தாள்.

"உங்களால அவருக்கு ஒண்ணும் வரலம்மா. நேத்து சொன்ன ரிசல்ட் தப்பு. அந்த வைரஸ் என் உதட்டுலேருந்து குப்பிக்குள்ள விழுந்தது."

"உங்க உதட்டுலேருந்தா?"

"ஆமா."

"அப்ப இவருக்கு?"

"வேற கிருமி. அதுக்கு மருந்து இருக்கு. நேத்தே குடுத்திருக்கணும். என்னால ஒரு ராத்திரி வீணாப்போச்சு. மன்னிச்சிடுங்க."

லோரெட்டா மன்னிக்கவில்லை. எழுந்து கட்டிலுக்குப் போய்ப் புருஷனின் நெற்றியில், கன்னத்தில், பிளந்த வாயில் என்று மாற்றி மாற்றி முத்தம் கொடுத்தாள். அழுதாள். வெர்னான் கண் திறக்கவில்லை. அவர் கையைப் பிடித்தபடி, திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"அந்த நாற்காலியில உக்காருங்க. இவரு முழிச்சாலும் சரி, முழிக்கலேன்னாலும் சரி, நீங்க இருந்து பாக்கணும்."

மார்லிஸ் உட்கார்ந்தாள்.