கழித்துப்போட்ட கன்றுகள்

பொழுது புலர்வதற்குள் நாற்றுப்பண்ணைப் பந்தலில் நெட்டைக்காரி நாற்பது தொட்டிக்கு உரம் போட்டு முடித்திருந்தாள். ஒவ்வொன்றிலும் முழ உயரத்துக்கு ஓர் ஓக் கன்று. குனிந்து மண்ணை விரலால் விலக்க வேண்டும். உரக்குருணையை ஒரு சின்னக் கரண்டி தலைதட்டி எடுத்து, தண்டில் படாமல் தூவி மூட வேண்டும். நகக்கண்ணெல்லாம் வெடித்து எரிந்தது. இடுப்பு ஒடிந்து போயிற்று.

கை வேலையில் இருந்தாலும் கண் அடுத்த வரிசையில் இருந்தது. அங்கே அவள் நாத்தனார். மூன்று நாளாக நெட்டைக்காரி அவளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறாள்.

போன வாரம் முதல் கன்றுகளின் இலையோரம் தீய்ந்து வந்தது. உரம் மிஞ்சினால் அப்படித்தான் கருகும். மூன்று நாளுக்கு முன் முதலாளி நெட்டைக்காரியை மட்டும் தனியே கூப்பிட்டார். "சீக்கிரம் முடிக்கணும்னு யாரோ அள்ளி அள்ளிப் போடுறாங்க. உன் நாத்தனார் மேல ஒரு கண்ணு வை. வெள்ளிக்கிழமை பேரைச் சொல்லு. இல்லன்னா நீ வீட்டுக்குப் போ. யாருகிட்டயும் மூச்சு விடாதே."

இன்று வெள்ளிக்கிழமை. யார் வேலை போனாலும் அணைவது ஒரே அடுப்புதான், இருவரும் இருப்பது ஒரே வீடு. ஆனாலும் பயம் வந்துவிட்டால் சொந்தம் எங்கே ஞாபகம் வருகிறது?

"ஏன்டி என் கையவே பாக்குற?" என்றாள் நெட்டைக்காரி திடீரென்று.

"நீங்க ஏன் அண்ணி என் கையப் பாக்குறீங்க?"

தேள் கொட்டிய திருடர்களைப்போல இருவரும் விழித்தார்கள். நாத்தனாருக்குக் கண் கலங்கியது. "உங்களப் பாத்துக்கச் சொன்னாரு அண்ணி. உங்க பேரைத்தான் சொல்லணுமாம்."

நெட்டைக்காரிக்குக் கோபத்துக்கு முன்னால் வெட்கம் வந்தது. நேற்று இவள் சோறு போட்டபோதுகூட அந்தக் கையைச் சந்தேகமாகத்தானே பார்த்தோம்!

அதற்கடுத்த வரிசையில் கேட்டார்கள். அங்கேயும் அதே கதை. பந்தலில் வேலை செய்த பதினோரு பேரிடமும் தனித்தனியே ரகசியம் சொல்லியிருந்தார் மனிதர். குழாய் திறக்கும் தண்ணிக்காரரிடம் மட்டும் எல்லோரையும் கவனிக்கச் சொல்லியிருந்தார்.

"வேலைக்கு ஆள் எடுத்தாரா, வேவுக்கு எடுத்தாரா?" என்றாள் ஒருத்தி. சிரிப்பு வந்தது, நிற்கவில்லை.

அப்படியானால் கருகியது எதனால்? நெட்டைக்காரி பந்தலின் கடைசிக்குப் போனாள். கோணல் என்று கழித்துப்போட்ட கன்றுகள் அங்கே கிடந்தன. அவற்றுக்கு யாரும் ஒரு கரண்டிகூடப் போட்டதில்லை, குழாய்த் தண்ணீர் மட்டும்தான். அவற்றின் இலைகளும் தீய்ந்திருந்தன.

"டேங்க்ல என்ன கலக்குறீங்கண்ணே?" என்று தண்ணிக்காரரிடம் கேட்டாள்.

தண்ணிக்காரர் தலை குனிந்தார். "தண்ணியில கரையுற உரம்மா. வியாபாரி வர்றதுக்குள்ள கன்னு உயரணும்னு முதலாளியே கொட்டுறாரு. சொன்னா வேலை போயிடும்னாரு."

பத்து மணிக்கு முதலாளி வந்தபோது கரண்டிகள் தரையில் கிடந்தன. எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன கூட்டம்? யாரு அதிகமாப் போட்டது?"

"நீங்கதான்யா," என்றாள் நெட்டைக்காரி. "கரண்டியே படாத கன்னும் கருகியிருக்கு, வந்து பாருங்க. ஆபீஸ்ல இருக்கிற, தண்ணியில உரம் அளக்குற மீட்டரக் கொண்டாந்து எங்க முன்னாடி டேங்க் தண்ணியச் சோதிங்க. யாரையும் வேலைய விட்டு அனுப்பக் கூடாது. அதுவரைக்கும் ஒரு தொட்டியும் தொடமாட்டோம்."

"நாளைக்கே வேற ஆள் வருவாங்க."

"வரட்டும். அவங்ககிட்டயும் இதையே சொல்லுவோம்."

முதலாளியின் பார்வை ஒவ்வொரு முகமாக நகர்ந்து தண்ணிக்காரரிடம் நின்றது. தண்ணிக்காரர் வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான். "நீ மட்டும் இப்படி வா. தனியாப் பேசணும்."

நெட்டைக்காரியின் கண் தண்ணிக்காரர் மேல் போயிற்று. இவர் ஒருவர் எழுந்து போனால் போதும், எல்லாம் போயிற்று. நம்பலாமா? மூன்று நாளில் பழகிப்போன சந்தேகம் மறுபடி தலைதூக்கியது.

தண்ணிக்காரர் எழுந்தார். குழாயை இறுக மூடினார். திரும்பி வந்து நாத்தனார் ஒதுங்கிக் கொடுத்த இடத்தில் உட்கார்ந்தார்.

"இங்கயே சொல்லுங்க முதலாளி," என்றார். "எல்லாரும் கேக்கட்டும்."